லேண்ட்ரோவர் பிக்கப்புக்கு வீல் சாயம்: எந்த வெள்ளை?

பழைய பிக்கப் எடுத்து செய்யுற நம்ம ஆளுங்க எல்லாருக்கும் ஒரே வியாதி. பாடி சாயத்துக்கு மாசக்கணக்கா மண்டைய ஒடச்சிக்குவாங்க, சீட்டுத் துணி கறுப்பா சாம்பலான்னு வாட்ஸ்அப் குரூப்ல சண்டையே நடக்கும், வீல்னு வந்ததும் மட்டும் "வெள்ளை அடிச்சி விடு பொஸ்" அப்படின்னு ஒரே வரில முடிஞ்சிடும். அப்புறம் காடி வெளிய வந்து பட்டறை வாசல்ல வெயில்ல நிக்கும்போதுதான் தெரியும், எல்லாம் சரியா இருக்கு ஆனா எதோ ஒன்னு பொம்மை காடி மாதிரி உறுத்துதேன்னு. பத்துல எட்டு வாட்டி அந்த உறுத்தல் வீல்லதான் இருக்கும்.

நம்ம வண்டி லேண்ட்ரோவர் சீரிஸ் டூ-ஏ, 109 இஞ்சி, பின்னால திறந்த தொட்டி, முன்னால மூனு பேர் நெருக்கி உட்காருற கேப். நிபோங் திபால் பக்கம் ஒரு எஸ்டேட்ல வேல செஞ்சது, ரப்பர் மரம் வெட்டுன காலத்துல ரப்பர் பால் ஏத்தியிருக்கு, செம்பனை வந்தப்புறம் உரமூட்டை, கடைசில ஸ்டோருக்குப் பின்னாடி கொடி ஏறிப் படுத்துக் கெடந்துச்சு. பாடி அலுமினியக் கலவைங்கறதால துரு புடிக்கல, சேஸியும் வீலும் இரும்பு, அதுங்கதான் மழையெல்லாம் வாங்கிக்கிச்சு. அஞ்சு வீலுமே பார்க்கும்போது மேல கறுப்பு ஸ்ப்ரே, கடைசியா வச்சிருந்தவரு பசார்ல விக்குற டின் வாங்கி டயரோட சேர்த்து அடிச்சிருக்காரு, டயர் ஓரத்துலயும் கறுப்பு வழிஞ்சி நின்னுச்சு, டயரே கறுப்புங்கறதால அவருக்கு அது பெருசா தெரிஞ்சிருக்காது.

சரி, ஃபேக்டரில என்னதான் அடிச்சாங்க? லேண்ட்ரோவர் 1948 ஏப்ரல்ல ஆம்ஸ்டர்டாம் கண்காட்சில வெளிய வந்தப்போ ஒரு வெளிர் பச்சை, போருக்கப்புறம் மிஞ்சுன விமானச் சாயம்னு அத சொல்லுவாங்க. 1949ல இருந்து அந்தக் கடும்பச்சை, டீப் ப்ரான்ஸ் க்ரீன், பிரிட்டிஷ் ஸ்டாண்டர்ட்ல பிஎஸ் 381சி, நம்பர் 224. சீரிஸ் ஒன் காலத்துப் பச்சை வண்டிங்கள்ல பொதுவா பாடி என்ன நிறமோ வீலும் அதே நிறம். 1958ல சீரிஸ் டூ வந்தது, 1961ல டூ-ஏ, இந்தக் காலகட்டத்துலதான் சிவிலியன் வண்டிங்கள்ல லைம்ஸ்டோன்ங்கற லேசா மஞ்சள் கலந்த வெள்ளை அடிச்ச வீல் பரவலா வருது, கூரைக்கும் அதே லைம்ஸ்டோன். 1971ல சீரிஸ் த்ரீ வந்தப்போ அது கிட்டத்தட்ட எல்லா வண்டிக்கும் அடையாளமே ஆயிடுச்சு. ராணுவ வண்டின்னா கத வேற, அங்க வீல் பாடியோட சேர்ந்ததுதான், தனியா வெளிச்சமா நிக்கக் கூடாதில்லையா.

அதனால டூ-ஏ வச்சிருக்குறவன் கண்ண மூடிக்கிட்டு லைம்ஸ்டோன் அடிச்சிடலாமான்னு கேட்டா, என் பதில் இல்லங்கறதுதான். புத்தகம் சொல்றது அந்த மாடலப் பத்தி. நீங்க வச்சிருக்குற வண்டி எப்படி வெளிய வந்துச்சுன்னு அந்த வீலத்தான் கேக்கணும். இங்கிலாந்துல கேடன்ல இருக்குற பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்துல பழைய தயாரிப்புப் பதிவேடு வச்சிருக்காங்க, சேஸி நம்பர் குடுத்துக் காசு கட்டுனா சர்டிஃபிகேட் அனுப்புவாங்க, எப்ப செஞ்சது, எங்க அனுப்புனதுன்னு வரும். எனக்கு வந்த தாள்ல பாடி கலர் இருந்துச்சு, வீல் பத்தி ஒரு வார்த்த இல்ல. நம்ம ஜேபிஜே கிரான்லயும், அதான் சாலைப் போக்குவரத்து இலாகா குடுக்குற காடி பதிவுத் தாள், அதே கததான், பாடி கலர மாத்துனா போய் சொல்லணும், வீலுக்கு எந்த நிறம் அடிச்சாலும் கிரான்ல அதுக்கு எடமே இல்ல. ஆக தாள்ல கெடைக்காது.

சுங்கை பக்காப்ல இருக்குற மாமா ஒருத்தரு அந்தக் காலத்துல எஸ்டேட் டிரைவரா இருந்தவரு, அவருக்குப் போன் போட்டேன்.

"மாமா, துரை காடிக்கு அப்ப வீல் என்ன கலரு?"

"எந்தத் துரைடா?"

"எந்தத் துரையா இருந்தா என்ன மாமா, லேண்ட்ரோவர் வச்சிருந்தவரு."

"வெள்ளக்காரன் இருந்தவரைக்கும் ஒரு மாதிரி மஞ்ச வெள்ளையா இருக்கும். அப்புறம் எங்க கலரு? மேலிடத்துல இருந்து ஆளு பார்க்க வர்றாங்கன்னா மொத நாளு ராத்திரி ஸ்டோர்ல என்ன சாயம் இருக்கோ அத அடிச்சிருவோம். தண்ணி டாங்கிக்கு அடிக்கிற சில்வரு இருக்கும்ல, அதான் நெறைய வாட்டி."

அப்புறம் அரை மணி நேரம் எஸ்டேட் ஆபீஸ் கிராணியார எப்படி ஏமாத்தி டயர் வாங்குனாருங்கற கத ஓடுச்சு, அது வேற பதிவுக்கு.

மாமா சொன்னது பொய் இல்ல, ஆனா ஞாபகத்த மட்டும் வச்சி சாயம் கலக்க முடியாது. அதனால வீல கழட்டிக் கீழ போட்டு உட்கார்ந்தேன். எங்க தேடணும்னு சொல்றேன், இது எந்தப் பிக்கப்புக்கும் பொருந்தும். பிரஷ்ஷோ ஸ்ப்ரேயோ எடுத்துக்கிட்டு ஒருத்தன் பின்னால வந்து அடிச்சான்னா அவன் காடிலயே வீல் இருக்கும்போதுதான் அடிப்பான், அதனால அவன் கை படாத எடம் எதுன்னு யோசிங்க. வீல் பிரேக் ட்ரம்மோட ஒட்டி உட்காருற அந்தத் தட்டை முகம், டயர் கழட்டுனா ரிம்முக்குள்ள ட்யூப் உட்காருற பள்ளம், பேலன்ஸ் ஈயம் அடிச்ச எடத்துக்கு அடில, அப்புறம் ஸ்பேர் வீலோட உள்பக்கம். லேண்ட்ரோவர்ல ஸ்பேர் பானட் மேல படுத்துருந்தா மேல்பக்கம் வெயில்ல வெந்து போயிருக்கும், பானட்டப் பார்த்த பக்கம் அப்படியே இருக்கும். ஹப் கேப் போட்ட வேற பிக்கப்னா கேப்புக்கு அடில பாருங்க.

நான் எடுத்தது ட்ரம் முகத்துக்குப் பக்கத்துல, ரெண்டு நட்டு ஓட்டைக்கு நடுவுல உள்ள தட்டை எடம். 400 நம்பர் தண்ணி பேப்பர்ல ஆரம்பிச்சி சின்ன வட்டமா தேச்சிக்கிட்டே போகணும், நடுவுல ஆழமா, ஓரத்துல மேலோட்டமா, அப்புறம் 800, 1200, கடைசில 2000 போட்டு வழவழப்பாக்குனா ஒவ்வொரு சாயமும் குவே லாப்பிஸ் பலகாரம் மாதிரி அடுக்கடுக்கா வளையமா தெரியும். தண்ணி வச்சிதான் தேய்க்கணும், அந்தக் காலத்துச் சாயத்துல ஈயம் இருக்கும், காஞ்ச தூசிய மூக்குல இழுக்காதீங்க, அழுக்குத் தண்ணிய மீன் தொட்டிப் பக்கம் ஊத்தாதீங்க, மாஸ்க் போடுங்க. என் வீல்ல மேல கறுப்பு, அடுத்தது சில்வர், மாமா சொன்ன அதே டாங்கி சில்வர்தான், செதில் பெருசு பெருசா மின்னுது, அதுக்கடில செங்காவி ரெட் ஆக்சைட், அதுக்கடில ஒரு மெல்லிசான பால் மஞ்சள் வெள்ளை, கடைசில சாம்பல் ப்ரைமர், இரும்பு. அந்த மெல்லிசு அடுக்கப் பார்த்தா ஃபேக்டரி வேலைன்னு தெரியும், பிரஷ் கோடு கிடையாது, கனம் எல்லா எடத்துலயும் ஒன்னா இருக்கு, ப்ரைமர்க்கு நேரா மேல உட்கார்ந்திருக்கு, நடுவுல துரு இல்ல. எஸ்டேட்ல அடிச்ச அடுக்குக்கு அடில எல்லாம் துருப்பொட்டு மாட்டிக்கிட்டு இருக்கும், யாரும் சுரண்டிட்டு அடிக்கல.

நாலு வீலு இப்படி. அஞ்சாவது வேற கத பேசுச்சு. அதுல சில்வருக்கு அடில பச்சை, அதுக்கடில இன்னொரு பச்சை, பால் வெள்ளையே கிடையாது. வேற எதோ வண்டியோட வீல், மூத்த சீரிஸ் ஒன்னோ, ராணுவத்துல இருந்து ஏலத்துல வந்ததோ. எஸ்டேட்ல பஞ்சராச்சுன்னா எந்த வீல் சும்மா கெடக்கோ அத மாட்டிட்டு கெளம்பிருவாங்க. அதனால ஒரு வீல மட்டும் தேச்சிப் பார்த்து முடிவு கட்டிடாதீங்க, நான் முதல்ல அந்த அஞ்சாவதுல கைய வச்சிருந்தா இந்நேரம் பச்சை வீலோட சுத்திக்கிட்டு இருந்திருப்பேன்.

இப்ப முக்கியமான விசயம். மறைஞ்சி கெடந்த சாயம்தான் ஒரிஜினல்னு அத அப்படியே நம்பிடக் கூடாது. வெயில் பட்ட சாயம் வெளுத்துச் சுண்ணாம்பா உதிரும், அது எல்லாருக்கும் தெரியும். ஆனா அந்தக் காலத்து எனாமல், அதாவது எண்ணெய்ப் பிசின்ல செஞ்ச சாயம், இருட்டுல வருசக்கணக்கா கெடந்தா மஞ்சளாகும். மூடி வச்ச எடத்துல எடுத்த சாம்பிள் ஃபேக்டரில இருந்தத விட மஞ்சள் கூடுதலாதான் காட்டும். அப்படியே மெஷின்ல படிச்சி அடிச்சீங்கன்னா வீலு கஸ்டர்டு கலர்ல வந்து நிக்கும். தேச்ச எடத்த பாலிஷ் போட்டுட்டு கொஞ்ச நாளு வெளிச்சத்துல காய வச்சா அந்த இருட்டு மஞ்சள்ல ஒரு பங்கு எறங்கிடும், அப்ப வர்ற நிறத்த அளவுக்கு எடுத்துக்குங்க. நம்ம பினாங்கு வெயிலு இதுக்காவது உதவட்டும்.

சரி, லைம்ஸ்டோன்னா என்ன மாதிரி வெள்ளைன்னு கேப்பீங்க. லேசா மஞ்சள், அதுக்குள்ள துளி சாம்பல், சில வெளிச்சத்துல கொஞ்சம் பச்சை அடிக்கிற மாதிரி தெரியும். தனியா ஒரு தகட்டுல பார்த்தா அழுக்கு வெள்ளைன்னுதான் சொல்லுவீங்க. அந்தக் கடும்பச்சைக்குப் பக்கத்துல வச்சா உடனே வெளிச்சமாயிடும், கண்ணு அப்படித்தான் வேல செய்யுது. சுத்த வெள்ளைய எடுத்துக்கிட்டு அதே பச்சைக்குப் பக்கத்துல வச்சா நீலம் பாய்ஞ்ச மாதிரி கண்ணக் குத்தும், முதல்ல சொன்ன அந்தப் பொம்மை உறுத்தல் அங்கதான் வருது. நெட்ல பார்க்குற போட்டோவ வச்சி முடிவு பண்றதும் வேஸ்ட்டு, போன் கேமரா தானா வெள்ளையத் திருத்திக்கும், ஒரே வீல காலைல எடுத்தா க்ரீம், சாயங்காலம் எடுத்தா ஆரஞ்சு.

பட்டர்வொர்த்ல சாயம் கலக்குற கடைல அங்கிள் வீலப் பார்த்துட்டு "புத்தே லா, சாமா சாஜா" ன்னாரு, வெள்ளைதானே, எல்லாம் ஒன்னுதான்னு. இல்ல அங்கிள், சாமா இல்லன்னு பானட்டத் தூக்கிக் கவுண்டர் பக்கத்துல வச்சேன், அப்புறம் அவருக்கே ஆர்வம் வந்திருச்சு. நிறம் படிக்கிற மெஷினுக்குத் தட்டையான எடம் வேணும், ரிம் வளைவுல வச்சா வெளிச்சம் கசிஞ்சி தப்பாப் படிக்கும், நட்டு ஓட்டைக்கு நடுவுல தேச்சதோட பலன் அங்க தெரிஞ்சுச்சு. மெஷின் குடுக்குறது ஆரம்பம்தான். இன்னைக்கிக் கலக்குற நிறத்தூளும் அன்னைக்கி போட்டதும் வேற வேற, அதனால வெயில்ல ரெண்டும் ஒன்னா தெரியும், கடைக்குள்ள ட்யூப் லைட்ல பார்த்தா பிரிஞ்சி தெரியும். எங்க ஒத்துப் போகணும்னு நீங்கதான் சொல்லணும், காடி ஓடப் போறது வெளிலதானே, அதனால காலைல பத்து மணி வெளிச்சத்துல, நிழல்ல, பாடித் தகட்டுக்குப் பக்கத்துல வச்சிப் பார்த்து சொன்னேன். அங்கிள் ஒரு சொட்டு கறுப்பு, அதவிடச் சின்னச் சொட்டு மஞ்சள் விட்டாரு. குச்சில எடுத்துப் பார்க்காதீங்க, ஈரத்துல ஒரு நிறம் காஞ்சா ஒரு நிறம், தகட்டுல அடிச்சிக் காய வச்சிதான் பேசணும்.

பளபளப்பு அடுத்த தலவலி. பழைய எனாமல் பளபளக்கும், ஆனா கண்ணாடி போட்ட மாதிரி ஆழமா மின்னாது. இப்ப பட்டறைங்கள்ல கேக்காமயே கலர் அடிச்சி மேல க்ளியர் அடிச்சிருவாங்க, அது இன்னைக்கி மைவி மாதிரி புதுக் காருக்கு சரி, இதுக்கு சரிப்படாது. டூ-கே, அதாவது ஹார்டனர் கலந்து அடிக்கிற சாயத்துலயே க்ளியர் இல்லாம ஒரே அடுக்கா அடிக்கிற ரகம் இருக்கு, அத எடுத்து மினுக்கக் குறைக்கிற மருந்து கொஞ்சமா சேர்த்தா போதும். டூ-கே ஹார்டனர்ல ஐசோசயனேட் இருக்கு, நுரையீரலுக்கு ஆகாது, சாதாரண துணி மாஸ்க் போட்டுக்கிட்டு வீட்டுப் போர்ச்சுல அடிக்காதீங்க, காத்து குழாய் வச்ச மாஸ்க் உள்ள பட்டறைக்கே குடுத்துருங்க. மழ வர்ற மாதிரி இருக்குற மத்தியானத்துலயும் வேணாம், ஈரக்காத்துல சாயம் பூத்து மங்கிடும்.

பவுடர் கோட்டிங், அதாவது சாயத்தூள ஒட்ட வச்சி சூட்டுல உருக்குற முறை, அத போடலாமேன்னு நெறைய பேரு கேக்குறாங்க. உறுதியா இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா கடைக்காரங்க வச்சிருக்குறது பெரும்பாலும் ஆர்ஏஎல்னு சொல்ற ஐரோப்பிய நிற அட்டை, அதுல க்ரீம், சிப்பி வெள்ளைன்னு நெருங்கி வர்றது இருக்கு, லைம்ஸ்டோனே கெடைக்காது. அத விட எனக்குப் பயம் வேற எடத்துல. பவுடர் கனமா உட்காரும், நட்டு உட்காருற கூம்புலயும் ட்ரம்மோட ஒட்டுற முகத்துலயும் அந்தக் கனம் இருந்துச்சுன்னா ஓட ஓட அது நசுங்கி நட்டு தானா தளரும். இங்க ஒரு கடைல அந்த எடத்த மறைக்காம அடிச்சிக் குடுத்தத என் கண்ணால பார்த்தேன், கூட்டாளியோட வண்டி, நட்டு சுத்தி விரிசல் விட்டுப் பவுடர் உதிருது. சாயம் அடிச்சாலும் அந்தக் கூம்புல மெல்லிசா ஒரு கை போதும்.

அடிக்கிறதுக்கு முன்னாடி மணல் அடிச்சி சுத்தம் பண்ணிட்டு வீல நல்லாப் பாருங்க. பழைய லேண்ட்ரோவர் வீல்ல நடுத்தட்டும் ரிம்மும் ரிவிட் வச்சி சேர்த்தது இருக்கு, ரிவிட் ஓரத்துல துரு உப்பியிருந்தா எந்தக் கலரும் அந்த வீலக் காப்பாத்தாது. அந்த ரகத்துல ட்யூப் இல்லாத டயர் போடக் கூடாது, ரிவிட் வழியா காத்து எறங்கும். நட்டு ஓட்டையச் சுத்தி முடி மாதிரி விரிசல் இருக்கான்னு வெளிச்சத்துல சாய்ச்சிப் பாருங்க, இருந்தா அந்த வீல செவுத்துல மாட்டிக்குங்க.

வேற பிக்கப் வச்சிருக்குறவங்களுக்கு ஒரு வார்த்த. டட்சன் பிக்கப்காரங்க இங்க அதிகம். தான் சோங் கம்பெனி 1957ல இருந்து டட்சன் கொண்டாந்தாங்க, 1976ல கோலாலம்பூர் சிகாம்புட்ல காடி பூட்டுற ஃபேக்டரி. இங்கயே பூட்டுன வண்டிக்குப் பாடி சாயம் இங்க அடிச்சது, ஜப்பான் கலர் புத்தகத்த வச்சி சத்தியம் பண்ணாதீங்க, உங்க வீலத் தேச்சிப் பாருங்க. சில்வரா இருந்தா சில்வர்லயும் செதில் அளவு பாருங்க, இப்ப உள்ள சில்வர் ரொம்ப நைஸு. மோரிஸ் மைனர் பிக்கப் 1953ல வந்தது, அத வெறும் ப்ரைமர்லயே வாங்கி முதலாளி தன் கடைக் கலர அடிச்சிக்கலாம், அதனால அங்க ஃபேக்டரி கலர்ங்கறதே சில வண்டிக்கு கெடையாது, முதல் கடைக்காரரு அடிச்சதுதான் ஒரிஜினல். செவர்லே வச்சிருக்குற அதிர்ஷ்டசாலிங்க ஜிஎம் ஹெரிட்டேஜ் சென்டர் போட்டிருக்குற வருசவாரி தாள்கள எறக்கிப் பாருங்க, அந்த வருசத்து விவரம் எல்லாம் பக்கம் பக்கமா இருக்கும்.

என் வண்டில நாலு வீலும் லைம்ஸ்டோன், முடிஞ்சது. அஞ்சாவது பச்சை வீலுக்கு என்ன பண்றதுன்னு ரொம்ப பேரு சண்டைக்கு வந்தாங்க. ஒரே மாதிரி அடிச்சிடுன்னு ஒரு கட்சி, எஸ்டேட் வரலாற அழிக்காதன்னு ஒரு கட்சி. நான் கறுப்ப மட்டும் எடுத்துட்டு சில்வரோட விட்டு, துருவ நிறுத்துற மருந்து போட்டு, மேல மெழுகு தேச்சி பானட் மேல ஸ்பேரா படுக்க வச்சிருக்கேன். பழைய காடி கண்காட்சில மார்க் போடுறவங்க ஒரு மார்க் கொறைப்பாங்க, கொறைக்கட்டும், மாமா வந்து பார்த்துட்டு அந்த ஒரு வீலத்தான் தட்டிப் பார்த்து "இது நாங்க அடிச்ச சாயம்டா" ன்னு சொன்னாரு, அவரு அந்த எஸ்டேட்லயே வேல செய்யலங்கறது தனி விசயம்.

கடைசியா, புது சாயம் அடிச்ச வீல மாட்டி ஒரு அம்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு நட்டு எல்லாத்தையும் மறுபடி இறுக்கிப் பாருங்க, சாயம் அமுங்கி எப்படியும் கொஞ்சம் எடம் குடுத்திருக்கும். ஸ்பேனர் வாய்ல ஒரு துண்டு துணி வச்சிக்குங்க, இல்லாட்டி புது லைம்ஸ்டோன்ல நீங்களே முதல் கீறல் போடுவீங்க.